கடைக்குட்டியின் கதவு

காலை ஏழு மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து அவருடைய மனைவி மகளின் பழைய ஓட்டப்பந்தய ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஷூ கொஞ்சம் பெரியது. முன்பக்கம் பஞ்சைத் திணித்து, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். தொளதொள உடை வேண்டாம், உயரச் செருப்பு வேண்டாம், தோடு, சங்கிலி, வளையல் எதுவும் வேண்டாம் என்று கம்பெனி அனுப்பிய தாளில் எழுதியிருந்தது. அதனால் சட்டையும் மகளுடையது, காற்சட்டையும் மகளுடையது. மகள் வேலைக்காக வேறு ஊர் போய் இரண்டு வருடமாகிறது. அவள் விட்டுப்போன அலமாரி எழுந்து நடமாடுவது போலிருந்தது.

“எப்படி இருக்கேன்?”

அவர் காபிக் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தார். சொல்வதற்குள் அவளே உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிட்டாள். அவருடைய பல வாக்கியங்களுக்கு இந்தக் கதிதான். உள்ளே உருவாகி, அங்கேயே சீவிச் சிங்காரித்து வெளியே கிளம்புவதற்குள் கேட்டவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

ஆனால் இன்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மூணு நாளா நான் உன்கிட்ட சரியாப் பேசல. தப்பா எடுத்துக்காத. வாய் தவறி ஏதாவது சொல்லிட்டா இந்தச் சோதனையே செல்லாமப் போயிடும். சாயங்காலம் வரைக்கும்தான்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அடுத்த வீட்டு நாய் எழுந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

“மூணு நாளாவா? எனக்கு வித்தியாசமே தெரியலையேங்க!”

ஊருக்கு வெளியே, ஓடுபாதையை ஒட்டியிருந்த அந்த விமானத் தொழிற்சாலையில் அவர் பத்தொன்பது வருடங்களாகக் கதவு செய்துகொண்டிருந்தார். கடல் தாண்டிப் போகிற பெரிய விமானங்கள் அல்ல. சின்ன ஊரிலிருந்து நடுத்தர ஊருக்கு, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பறக்கிற சிறிய ஜெட் விமானங்கள். இறக்கைக்காரர்கள் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ஜின்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்றால் கதவு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். கம்பெனியில் அவருக்குப் பெயரே ‘கதவு’தான். உணவுக்கூடத்தில் டோக்கன் கிழிக்கிறவர்கூட, “கதவு சார், இன்னிக்கு சூப் நல்லா இருக்கு” என்பார். கதவு சார் தலையை ஆட்டிவிட்டு சூப் வாங்கிக்கொள்வார்.

அந்தக் குடும்பத்தில் மூன்று விமானங்கள். ‘குடும்பம்’ என்றுதான் காகிதங்களிலும் எழுதுவார்கள். மூத்தவளுக்கு எழுபத்தாறு இருக்கை. நடுவுள்ளவளுக்குத் தொண்ணூற்றிரண்டு. கடைக்குட்டிக்கு நூற்றுப் பதினான்கு. மூத்தவள் குட்டை, கடைக்குட்டி நெட்டை. மூன்று பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே இறக்கை, ஒரே ஓட்டுநர் அறை, ஒரே கதவுகள். நடுவில் உடம்பை மட்டும் வளையம் வளையமாகச் சேர்த்து நீட்டியிருந்தார்கள். ஒருத்தியை ஓட்டப் பழகியவர் மூவரையும் ஓட்டலாம். ஒருத்திக்கு வாங்கி வைத்த உதிரிக் கதவு மூவருக்கும் பொருந்தும். வாங்குகிறவர்கள் வருவதே இதற்காகத்தான். ஒரு வீட்டில் பெண் எடுத்தால் மூன்று பெண்களும் பழக்கமானவர்கள் என்கிற வசதி.

மூத்தவள் வெறும் கோடுகளாகக் காகிதத்தில் இருந்த காலத்தில், கதவு சார் அவளுடைய கதவைத் தேவைக்கு மேல் ஆறு சென்டிமீட்டர் அகலமாக வரைந்தார். எடையைக் கவனிக்கிற பிரிவு கொதித்துப்போனது. எழுபத்தாறு பேருக்கு இவ்வளவு பெரிய வாசல் எதற்கு, இவர் என்ன கல்யாண மண்டபமா கட்டுகிறார் என்று கேட்டார்கள். இவளுக்குப் பின்னால் தங்கைகள் பிறப்பார்கள், அவர்கள் வளர்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தார், யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். கம்பெனியில் அவர் வாதாடி ஜெயித்தது அந்த ஒன்றுதான். அதையும் வாயைத் திறக்காமலே ஜெயித்தார்.

இப்போது அந்த ஆறு சென்டிமீட்டருக்குப் பரீட்சை வந்திருந்தது. புது விமானம் ஒன்றில் பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தொண்ணூறு விநாடிக்குள் தரைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு அக்காமார்களும் சுலபமாகத் தேறிவிட்டார்கள். கடைக்குட்டிக்கோ அதே கதவுகள், இருபத்திரண்டு பேர் அதிகம். தேறாவிட்டால் அவளுடைய விலாவில் புதிதாக ஒரு ஜோடிக் கதவு வெட்ட வேண்டும். அதற்கு உடம்பையே மறுபடி வடிவமைக்க வேண்டும். இரண்டு வருடம்.

“ரெண்டு வருஷம் யாரும் காத்திருக்க மாட்டாங்க, கதவு,” என்று திட்டத் தலைவர் போன வாரம் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தலைவரின் மேசையில் மூன்று குட்டி விமான பொம்மைகள் வரிசையாக நின்றன. கடைசியிலிருந்ததைத் தொட்டார். “கதவு வேறன்னா இவ இந்தக் குடும்பத்துப் பொண்ணே இல்ல. தொண்ணூறு விநாடி. தொண்ணூத்தொண்ணு ஆச்சுன்னா இவளை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க.”

கதவு சார் அந்த பொம்மையைப் பார்த்தார். பொம்மைக்காரர்கள் கதவைச் சும்மா கோடாகத்தான் கீறியிருந்தார்கள்.

சோதனைக்கு வெளியாட்கள் வேண்டும். அந்த விமானத்தில் வேலை செய்கிறவர்கள் உட்காரக்கூடாது, கதவு எப்படித் திறக்கும் என்று தெரிந்தவர்களும் கூடாது. ஆண், பெண், இளவட்டம், வயதானவர் எல்லாம் கலந்து இருக்க வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்கள் பதினெட்டுப் பேராவது இருந்தாக வேண்டும். ஆள் சேர்க்கும் பொறுப்பு இருக்கைகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு. அவள் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தாள். போனைக் காதில் வைத்தால் கதவு சாருக்குச் சரியாகக் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துத்தான் பேசுவார்.

“சார், பதினேழு பேர் கிடைச்சுட்டாங்க. பதினெட்டாவது ஆளுக்கு நாலு நாளா அலையறேன். இந்த ஊர்ல ஐம்பது தாண்டின பொம்பளையே கிடையாதாம் சார். எல்லாருக்கும் நாப்பத்தெட்டு. ஒருத்தர் பேரனைக் கூட்டிட்டு வந்து நாப்பத்தேழுன்னு எழுதிக் குடுக்கறாங்க!”

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி போனுக்குக் குனிந்து, “எனக்கு ஐம்பத்தொண்ணு, எழுதிக்கோம்மா,” என்றாள்.

“ஐயோ மேடம்! உங்களைச் சேர்க்கலாமா?” காகிதம் புரட்டும் சத்தம். “வேலை செய்யறவங்க குடும்பம் வரலாம், ஆனா கதவைப் பத்தி எதுவும் தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“அப்ப என்னை விட்டா ஆளே இல்ல,” என்றாள் மனைவி.

போன் வைத்த பிறகு அவர் வேண்டாம் என்றார். இருட்டு, தள்ளுமுள்ளு, சறுக்கி இறங்கும்போது கால் பிசகலாம், போன தடவை இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டார்கள் என்று அவருக்கு வழக்கமில்லாத நீளத்தில் பேசினார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு யாரோ ஒருத்தி இதுல உக்காருவா இல்ல? அவ காலு பிசகினா பரவாயில்லையா?”

அவர் தட்டிலிருந்த சோற்றை மறுபடி பிசைந்தார்.

“உங்க கதவு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

இதற்கும் பதில் உள்ளே இருந்தது. நம்பிக்கை இருக்கிறது, பத்தொன்பது வருட நம்பிக்கை, ஆனால் நீ உள்ளே இருக்கும்போது அது வேறு விஷயம் என்பதுதான் பதில். அவர் தண்ணீர் குடித்தார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. தன்னார்வலர்களை அழைத்துப்போக வந்த வேன். அவர் தனியாகத்தான் போக வேண்டும். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்துக் கண்ணைச் சிமிட்டினாள். வேனுக்குள்ளிருந்து ஏற்கனவே ஏழெட்டுக் குரல்கள் கேட்டன. தெரு திரும்புவதற்குள் அவளுடைய சிரிப்பும் அதில் கலந்துவிட்டது.

கொட்டகையின் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நடுவில் கடைக்குட்டி நின்றாள், இன்னும் வண்ணம் பூசாத, அடிப்பூச்சின் பச்சைநிற உடம்போடு. கதவுகளுக்குக் கீழே தரையில் மெத்தைகள். இருட்டிலும் படம் பிடிக்கிற கேமராக்கள். மேற்பார்வையிட அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் கழுத்தில் கண்ணாடி தொங்க, கையில் ஒட்டிய உறையோடு எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கக் கதவுகள் திறக்கும் என்பது அந்த உறைக்குள் இருந்தது. கதவு சாருக்கும் தெரியாது, திட்டத் தலைவருக்கும் தெரியாது.

வால் பக்கம் வலது புறத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பேசக்கூடாது என்றார் ஆய்வாளர். அருகிலிருந்த இருக்கைப் பெண், “அவருக்கு அதைச் சொல்லவே வேண்டாம் மேடம்,” என்றாள்.

தன்னார்வலர்கள் எண் போட்ட மேலுடுப்போடு வரிசையாகப் படி ஏறினார்கள். மனைவிக்கு எண் எண்பத்து மூன்று. அவளுக்கு முன்னால் எண்பத்து இரண்டு, நல்ல உயரமான ஒரு பெரியவர், காது வரைக்கும் வெள்ளை முடி. ஏறும்போது ஒதுங்கி நின்று, “நீங்க முதல்ல போங்கம்மா,” என்று அவளுக்குக் கை காட்டினார். எண் வரிசைப்படிதான் ஏற வேண்டும் என்று இருக்கைப் பெண் சொன்ன பிறகும் இரண்டு தடவை தயங்கிவிட்டுத்தான் ஏறினார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று யாரோ சொன்னார்கள். அவள் கதவுக்குள் நுழைந்தபோது நிலையை ஒரு முறை தடவிப் பார்த்தாள். கதவு சார் அதைப் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பது போன்ற சாதாரணத் தொடுதல்தான். ஆனாலும் அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

கதவுகள் மூடின. ஜன்னல் திரைகள் இறங்கின. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், எப்போது என்று யாருக்கும் சொல்லவில்லை. பிறகு கொட்டகை முழுக்க விளக்கு அணைந்தது.

இருட்டில் முதலில் கேட்டது விமானப் பணிப்பெண்களின் கத்தல். “பெல்ட்டைக் கழட்டு! எல்லாத்தையும் விட்டுட்டு வா! இந்தப் பக்கம் வா!” அடுத்து, அவருக்கு நேரே மேலே, தாழ் விடுபடும் சத்தம். வலது பக்கம்தான். அவர் பக்கம்தான். கதவு நகர்ந்தது. அவரால் பார்க்க முடியவில்லை. ஆனால் சொந்த வீட்டு மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று தெரிவது போல ஒவ்வொரு நகர்வும் தெரிந்தது. சறுக்குப் பாதை புஸ்ஸென்று காற்றை உறிஞ்சி விரிந்து, முனை மெத்தையில் வந்து அறைந்தது. அப்புறம் முதல் ஆள். துணியில் உடம்பு உரசும் சர்ரென்ற சத்தம், மெத்தையில் தொப். சர், தொப். சர், தொப். அவர் எண்ணத் தொடங்கினார். விநாடியை அல்ல, மனிதர்களை. இறக்கைப் பக்கமிருந்தும் முன்பக்கமிருந்தும் காலடிகள் கேட்டன, அவற்றை அவர் காதில் வாங்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. யாரோ சறுக்கும்போதே ஊளையிட்டார்கள், அது பயமல்ல, சந்தோஷம். இருபது. இருபத்தொன்று. ஆறு சென்டிமீட்டர், ஆறு சென்டிமீட்டர் என்று உள்ளே ஏதோ தாளம் போட்டது. இருபத்தேழு. இருபத்தெட்டு.

நின்றுவிட்டது.

சர்ரும் இல்லை, தொப்பும் இல்லை. மேலே பணிப்பெண், “குதி! குதி!” என்று கத்துகிறாள். எதுவும் வரவில்லை. அவர் மௌனத்தை விரும்பிச் சேர்த்து வைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களின் மௌனம், எல்லாரும் போன பிறகு வரைபட அறையின் மௌனம், சாப்பிட்டு முடித்த மேசையின் மௌனம். மௌனம் அவரைப் பயமுறுத்தியது அன்றுதான் முதல் தடவை. ஒரு விநாடி. கதவு பாதியில் சிக்கிவிட்டதா? இரண்டு. யாராவது விழுந்துவிட்டார்களா? மூன்று. அவளா?

இருட்டில் ஒரு முதிய குரல், மிகவும் மரியாதையாக: “பரவாயில்ல, நீங்க முதல்ல போங்கம்மா.”

அதற்கு மேல் ஒரு பெண் குரல். அந்தக் கொட்டகையில் அந்தக் குரலை அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“கையைக் கட்டிக்கோ கண்ணா, காலை நீட்டு... போ!”

சர்ர்ர். கனமான ஒரு தொப். உடனே ஒட்டிக்கொண்டு இன்னொரு சர், இன்னொரு தொப். அவர் எண்ணுவதை மறந்துவிட்டார். மெத்தையிலிருந்து யாரோ எழுந்து ஓடும் ஷூச் சத்தம், அளவு கொஞ்சம் பெரிதான ஷூ தரையில் அடிக்கிற சத்தம், அவரைத் தாண்டிப் போயிற்று. மேலே மறுபடி மழை பிடித்துக்கொண்டது போலச் சறுக்கல்கள் கொட்டின. கடைசியாகப் பணிப்பெண், கடைசி தொப். விளக்கு எரிந்தது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அவருடைய கண் ஈரமாகியிருந்தது. வெளிச்சத்தால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிவை உடனே சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று ஆய்வாளர் அம்மாள் ஒரு அறைக்குள் போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொட்டகைக் கதவுகளை உருட்டித் திறந்ததும் வெயில் உள்ளே விழுந்தது. நூற்றுப் பதினான்கு பேருக்கும் பழரசமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகத் தயாராக இல்லை. இன்னொரு தடவை விடுவீர்களா என்று ஐம்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி இருக்கைப் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு என்று எழுதிக் கொடுத்த பாட்டி ஒருத்தி தான் இறங்கிய விதத்தை மூன்று பேருக்கு நடித்துக் காட்டினாள். கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் எண்பத்து மூன்று நின்றிருந்தாள், முழங்கையில் சிராய்ப்போடு. அவரைப் பார்த்ததும் பிஸ்கட் பிடித்த கையைத் தூக்கி ஆட்டினாள். முடிவு வரும் வரை பேசக்கூடாது. அவரும் கையைத் தூக்கினார், தோள் வரைக்கும்.

ஆய்வாளர் அம்மாள் வெளியே வந்தபோது திட்டத் தலைவரின் முகம் பரீட்சை எழுதிய பிள்ளையின் முகமாக இருந்தது.

“எண்பத்தேழு விநாடி,” என்றார் ஆய்வாளர். ஆரவாரம் எழுவதற்குள் கையை உயர்த்தினார். “இருங்க. ஒரு விஷயம் இருக்கு. வலது பின்கதவுல நாலு விநாடி ஆள் வரல. எண்பத்து ரெண்டு நிக்கறார். எண்பத்து மூணு அவரைத் தள்ளிவிடறாங்க. ரொம்பச் சரியாத் தள்ளறாங்க. கையைக் கட்டச் சொல்லி, முதுகுல நடுவுல கை வச்சு. இது பழகினவங்க செய்யற வேலை.” கையிலிருந்த தாளைப் பார்த்தார். “எண்பத்து மூணு, இந்தக் கதவைச் செஞ்சவரோட மனைவி.”

கொட்டகை அடங்கிவிட்டது. பழக்கிக் கொடுத்தது என்று ஆகிவிட்டால் இந்த எண்பத்தேழு விநாடி வெறும் காற்று. கதவு சார் ஒரு அடி முன்னால் வைத்தார். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். வழக்கம்போல அவருக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள்.

“நான் நர்சரி ஸ்கூல் டீச்சர்ங்க,” என்றாள். “எங்க ஸ்கூல்ல ஒரு சறுக்குமரம் இருக்கு. தினமும் ஒண்ணாவது மேல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேன்னு நிக்கும். பின்னாடி பத்து பிள்ளைங்க கத்தும். என்ன செய்யறது? கையைக் கட்டச் சொல்லித் தள்ளிவிட்டுருவேன். இருபத்திரண்டு வருஷமா தள்றேன்.”

“என்னைக் கண்ணான்னு கூப்பிட்டாங்க,” என்றார் எண்பத்து இரண்டு. குற்றம் சாட்டுகிற குரலில் ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார். “அறுபத்தெட்டு வயசு எனக்கு! பள்ளிக்கூடமே என்னைப் பார்த்து நடுங்கும். எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல.”

“மன்னிச்சுக்குங்க சார், இருட்டுல ஆள் தெரியல.”

“தெரிஞ்சாலும் தள்ளியிருப்பீங்க.”

“ஆமா,” என்றாள் அவள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. வீட்டுல உங்க வீட்டுக்காரர் இந்தக் கதவைப் பத்தி எதுவும் சொன்னதில்லையா?”

“அதான் எழுதிக் குடுத்திருக்கேனேங்க.”

ஆய்வாளர் தாள்களைப் புரட்டி அவளுடைய படிவத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “கேள்வி ஒன்பது. இந்த விமானத்தின் கதவுகளைப் பற்றி யாராவது உங்களுக்கு விளக்கியிருக்கிறார்களா? பதில்...” சற்று நிறுத்தினார். “‘இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ஒரு வார்த்தை கிடையாது.’”

முதலில் சிரித்தது இருக்கைப் பெண். அடுத்து திட்டத் தலைவர், மேசையைப் பிடித்துக்கொண்டு. பிறகு நூற்றுப் பதினான்கு பேரும், கேமராக்காரர்களும், பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தவரும். ஆய்வாளர் அம்மாள்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது,” என்று குனிந்து கையெழுத்துப் போட்டார். யாரோ கதவு சாரைத் தூக்கினார்கள். ஒரு அடி உயரத்திலிருந்து அவர் கடைக்குட்டியின் நீண்ட முதுகைப் பார்த்தார். அவள் இனி இந்தக் குடும்பத்துப் பெண்தான், யாரும் அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மீன்முள் போல ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை கிடையாது. தன் மௌனம் வீட்டுக்கு ஒரு வசதி, மின்விசிறியைக் குறைத்து வைப்பது போன்ற ஒரு மரியாதை என்று அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். அவள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை இன்றுதான் கேட்கிறார். புகார் மாதிரியும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், கேட்ட கேள்விக்குப் பதிலாக எழுதியிருக்கிறாள்.

வேனில் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். அவள் வேண்டாம், பேருந்தில் போய்க்கொள்கிறோம் என்றாள். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நிறுத்தம். தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு, சாலைக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஓடுபாதையின் நீளமான புல். சாயங்கால வெயில் புல்லின் மேல் படுத்திருந்தது. அவள் ஷூவைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஒரு முறை அழுத்திவிட்டாள்.

“வலிக்குதா?” என்றார்.

“இல்ல. நல்லா இருந்துச்சுங்க. வாசல்ல வந்து நின்னப்ப கீழ ஒண்ணுமே தெரியல, வெறும் இருட்டு. ஆனா பயமே வரல. ரெண்டு பக்கமும் கை வச்சேன். அகலமா இருந்துச்சு.”

அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகலமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கதவைப் பற்றி யாராவது அவரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

“இப்ப சொல்லலாமா?” என்று கேட்டாள்.

“எதை?”

“கதவை. சோதனைதான் முடிஞ்சிருச்சே.”

“சொல்லலாம்,” என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கீல்களிலிருந்தா, ரப்பர் விளிம்பிலிருந்தா, நிராகரிக்கப்பட்ட முதல் பதினேழு வரைபடங்களிலிருந்தா? வாக்கியம் உள்ளே உருவாகத் தொடங்கியது. அது முடியட்டும் என்று காத்திருக்காமல், அவர் அவளுடைய வலது கையை எடுத்துக்கொண்டார்.

“இதுதான் கதவுன்னு வச்சுக்க.” தன் இடது கையின் விரல்களை வளைத்து ஒரு வாசலாக்கி, அவள் உள்ளங்கையை உள்பக்கமிருந்து அதில் அணைத்தார். “மேல பறக்கும்போது உள்ள இருக்கிற காத்து இதை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். தள்ளத் தள்ள இன்னும் இறுக்கமா உக்காந்துக்கும். ஏன்னா கதவு வாசலை விடக் கொஞ்சம் பெரிசு.”

“பெரிசுன்னா எப்படிங்க வெளிய போகும்?”

அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தரும் இல்லாமல் பத்தொன்பது வருடம் போயிருந்தது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு.

“வெளிய தள்ளித் திறக்க முடியாது. முதல்ல உள்ள வரணும்.” அவள் கையைத் தன் நெஞ்சுப் பக்கம் சிறிது இழுத்தார். “அப்புறம் இத்தனூண்டு மேல ஏறணும்.” உயர்த்தினார். “அப்பதான் விளிம்பெல்லாம் விடும். விட்டப்புறம் லேசாத் திரும்பி...” மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். “வெளிய.”

அவளுடைய கை சாலையின் மேல் நீண்டு நின்றது.

சரேலென்று ஒரு பேருந்து அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “கையைக் காட்டுனீங்களே, ஏறுங்க.”

“இல்லைங்க, நீங்க கிளம்புங்க,” என்றாள் அவள், கையை எடுக்காமல்.

ஓட்டுநர் இருவரையும், அவர் பிடித்திருந்த கையையும், அவள் போட்டிருந்த இளசுகளின் சட்டையையும் ஒரு முறை பார்த்தார். ஏதோ புரிந்தது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். பேருந்து போன பிறகு எழுந்த புழுதி வெயிலில் மெல்ல இறங்கியது. அடுத்த பேருந்துக்கு அரை மணி நேரம் இருந்தது.

“அந்த மேல ஏறுறது சரியாப் பிடிபடல,” என்றாள்.

அவர் அவள் கையைச் சாலைப் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பி, தாழ்த்தி, தன் விரல்களுக்குள் கொண்டுவந்து பொருத்தினார். மறுபடி, முதலிலிருந்து, உள்பக்கமாக இழுத்தார்.